விக்கிரவாண்டிக்கும் பேரணிக்கும் நடுவே

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் இருவருக்குமே சங்கடம். எண்பதுகளின் நடுவில், திண்டிவனம் தாண்டி ஒலக்கூர் போகிற வழியில் இருந்த ஒரு நடுநிலைப் பள்ளிக்கு என்னைத் தலைமையாசிரியராகப் போட்டார்கள். போட்ட வாரமே விழுப்புரத்துப் பழைய சாமான் கடையில் ஒரு பித்தளை மேசை மணி வாங்கினேன். தலைமையாசிரியர் என்றால் மணியைத் தட்டவேண்டும், தட்டினால் ஆள் ஓடிவந்து நிற்கவேண்டும் என்று மனத்துக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் முற்பகலில் டீ வாங்கிவரச் சொல்லலாம் என்று பியூனைக் கூப்பிட ஓங்கித் தட்டினேன். எங்கள் பள்ளிக்கூடத்து மணி என்பது வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. என் மணிக்கு அதைவிடக் கனத்த குரல் என்பது தட்டிய பிறகுதான் தெரிந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை அத்தனை பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பின்னாலேயே ஓர் ஆசிரியரும் குடையை விரித்தபடி போனார். அவரை மட்டும் வாசலில் பிடித்தேன்.

மறுநாள் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் காலை பாசஞ்சரில் இந்தக் கதையை எதிரிலிருந்தவர்களுக்குச் சொன்னேன். சிரிப்பு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்தது. வெள்ளைப் புடவையில், மடியில் கைப்பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கதை முழுவதையும் கேட்டுவிட்டு, நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்:

"பிள்ளைங்க எல்லாம் போய்ட்டாங்க, சரி. பியூன் வந்தாரா?"

வரவில்லை. ஊரே கேட்ட மணி அது. வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்த மனிதருக்குக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. இதை நான் அதுவரை யோசிக்கவே இல்லை. ஜோக்கின் பளபளப்பில் அது மறைந்து கிடந்தது. அந்த அம்மாள் அடுத்த கேள்வியையும் கேட்டார். டீ எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா என்றார். எனக்கு மட்டும்தான். என் ஜோக்கைக் கேட்டுவிட்டு என் பிழைப்பைப் பற்றிக் கேள்வி கேட்டவர் அதற்குமுன் யாரும் இல்லை, என் மனைவி உட்பட.

அவர் திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புதிதாகத் தலைமை நர்ஸ் ஆகியிருந்தார். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை, பேரும் வேண்டாம். ஹெட் சிஸ்டர் என்றே நாங்கள் கூப்பிட்டோம். நாங்கள் என்றால் மேலும் இருவர். ஒருவர் கோட்டக்குப்பத்துக்காரர், வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, விழுப்புரத்தில் பெண் எடுத்து, திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, எண்ணெய் மில்லுக்கு மேனேஜர் ஆனவர். அவரை பாய் என்போம். இன்னொருவர் மின்வாரியத்து ஜூனியர் இன்ஜினியர், எங்களில் இளையவர், ஜே.ஈ. தம்பி. மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. மாலை ரயிலில் சூரியன் விழுவதற்குள் டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு, எங்களைப் பாவிகளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். நான்கு பேருக்கும் நான்கு தொழில், நான்கு மேலதிகாரிகள். ஒன்றே ஒன்றுதான் பொது. நேற்றுவரை யாருக்கோ கீழே வேலை பார்த்துவிட்டு, இன்று தலைவராக உட்கார வைக்கப்பட்டவர்கள் நாங்கள். உட்கார்ந்த நாளிலிருந்து எழுந்து ஓடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

ஓடாமல் இருப்பதற்காக ஏற்பட்டதுதான் எங்கள் கூட்டம். அதற்கு ஒரு முறை வைத்தவர் ஹெட் சிஸ்டர். விழுப்புரத்தில் ஏறியதும் ஊர்க்கதை பேசலாம். முண்டியம்பாக்கம் தாண்டியதும் ஒருவர் தன் வேலையிடத்தில் தனக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தைச் சொல்லவேண்டும். விக்கிரவாண்டி வரைக்கும் அவர் முறை, யாரும் குறுக்கே பேசக்கூடாது. விக்கிரவாண்டியிலிருந்து பேரணி வரைக்கும் மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். கேள்வி மட்டும்தான், யோசனை சொல்லக்கூடாது. பேரணியிலிருந்து மயிலம் வரைக்கும் மற்றவர்கள் தங்களுக்கு நேர்ந்ததில் அதைப்போன்ற ஒன்றைச் சொல்லவேண்டும். மயிலம் தாண்டினால் அந்தப் பேச்சே கிடையாது. திண்டிவனத்தில் இறங்குவதற்குள் முகத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ள அந்த நேரம் வேண்டும் என்பார் சிஸ்டர்.

யோசனை சொல்லக்கூடாது என்பது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. வாத்தியார் வாயை யோசனை இல்லாமல் மூடிவைப்பது கொதிக்கிற சோற்றுப் பானையைத் தட்டுப் போட்டு மூடுவதுபோல. ஆனால் அந்தக் கேள்விகள் செய்த வேலையை என் பயிற்சிப் படிப்பு எதுவும் செய்ததில்லை. தான் உள்ளே நுழைந்தாலே மில்லில் பேச்சு நின்றுபோகிறது, வேலையாட்கள் தன்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள், பெரிய பேஜாரா இருக்கு என்று பாய் ஒருநாள் குறைப்பட்டார். நீங்கள் வருவது அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று தம்பி கேட்டார். பாய் யோசித்துவிட்டு, தன் அத்தர் வாசனை தனக்கு முன்னாலேயே போய்விடுகிறது என்றார். அந்தப் பெட்டி முழுக்கச் சிரித்தது. மறுநாளிலிருந்து பாய் அத்தர் போடுவதை விட்டாரா என்றால் இல்லை. ஆனால் மில் வாசலிலேயே நின்று யாரையாவது கூப்பிட்டுப் பேசிக்கொண்டே உள்ளே போகப் பழகினார். தம்பிக்குக் கீழே இருந்த லைன்மேன் அவரைவிட வயதில் மிக மூத்தவர். அவர் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார் என்று நான் கேட்டேன். கூப்பிடுவதே இல்லை என்று சொல்லும்போதே தம்பியின் குரல் இறங்கிவிட்டது. அதுவரை லைன்மேன் சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று குற்றம் சாட்டிக்கொண்டிருந்தவர், தனக்கு என்ன வலிக்கிறது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தார்.

ஹெட் சிஸ்டரும் தன் முறை வரும்போது சொல்வார். ஆனால் அவர் சொல்வதெல்லாம் முடிந்துபோன விஷயமாக இருக்கும். இன்னது நடந்தது, இன்னது செய்தேன், சரியாகிவிட்டது. விடையோடு வந்த கணக்கில் நாங்கள் கேள்வி கேட்க என்ன இருக்கிறது? நாங்கள் மூவரும் வாய் பிளந்து கேட்டுவிட்டு, "சிஸ்டர் மாதிரி வராது" என்று சொல்லிக்கொண்டு இறங்குவோம். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசி மழைக்காலம். ஜன்னல் பலகைகளை இறக்கிவிட்டிருந்ததால் பெட்டிக்குள் இருட்டும் ஈரத்துணி வாசனையும். அன்று சிஸ்டர் முண்டியம்பாக்கம் வரும்வரை காத்திருக்கவில்லை. வண்டி நகர்ந்ததுமே சொன்னார்:

"நேத்து வார்டுல ஒரு பொண்ணை அறைஞ்சுட்டேன்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. அறைந்தவர் வேறு யாரோ, சிஸ்டர் தீர்த்துவைத்த சண்டையைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கையைப் பார்த்தேன். அது பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளம் நர்ஸ். ஒரு குழந்தைக்குப் பென்சிலின் ஊசி போட்டிருக்கிறாள். அதற்கு முன்னால் தோலில் துளி மருந்தைப் போட்டு, உடம்பு ஏற்கிறதா என்று பார்க்கவேண்டும். டெஸ்ட் டோஸ் என்பார்கள். அதைப் போட்டாயா என்று சிஸ்டர் கேட்டதற்கு, மறந்துவிட்டேன் என்றிருக்கிறாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, தாயின் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. அடுத்த நொடி சிஸ்டரின் கை எழுந்துவிட்டது. வார்டு முழுக்க நோயாளிகள், அவர்களோடு வந்தவர்கள், மற்ற நர்ஸுகள். அந்தப் பெண்ணின் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பி கழன்று கட்டிலடியில் உருண்டது. அவள் குனிந்து அதை எடுத்து, தூசியைத் தட்டி, தலையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாளாம். இதைச் சொல்லும்போது சிஸ்டர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"இந்த மாசத்தோட பதவியை விட்டுடறேன்னு சொல்லப்போறேன். இதுக்கு நான் லாயக்கில்ல" என்று முடித்தார்.

விக்கிரவாண்டி வந்தது. கேள்வி கேட்கவேண்டிய நேரம். ஒருவரும் கேட்கவில்லை. பாய் டிபன் கேரியரின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். தம்பி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார், ஜன்னல் மூடியிருந்தது என்பதைக்கூட கவனிக்காமல். எனக்கு வாய்வரை ஒரு ஜோக் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஜோக்கை விழுங்கினேன். அது இறங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று. விக்கிரவாண்டிக்கும் பேரணிக்கும் நடுவே அந்த வண்டி அத்தனை மெதுவாகப் போய் நான் பார்த்ததில்லை. சக்கரம் தண்டவாள இணைப்புகளில் தட்டுவது ஒவ்வொன்றாகக் கேட்டது. பேரணி வந்தது. இப்போது எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லவேண்டும். மூவரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் அம்மன் சிலை பீடத்தைவிட்டு இறங்கி நடந்ததைப் பார்த்தவர்களைப்போல உட்கார்ந்திருந்தோம். மயிலம் போனது. திண்டிவனத்தில் சிஸ்டர் இறங்கினார். தினமும் "வர்றேன்" என்று சொல்வார். அன்று சொல்லவில்லை.

மறுநாள் அவர் இடம் காலியாக இருந்தது. அதற்கடுத்த நாளும். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவர் திண்டிவனம் பஸ் ஏறியதைப் பாய் பார்த்திருக்கிறார். எத்தனையோ பேர் நின்றுகொண்டு வந்தும் அந்த ஜன்னலோர இடத்தில் நாங்கள் யாரையும் உட்காரவிடவில்லை, என் பையை வைத்து மறித்தேன். ஆள் இருக்கும்போது வாய் திறக்காதவன் அவர் இடத்தைக் காவல் காத்த வீரம் அது. யார் என்ன சங்கடம் சொல்வது என்றே தெரியாமல் மூவரும் விழித்தோம். கடைசியில் பாய்தான் சொன்னார்:

"நாம மூணு பேரும் மூணு கழுதைங்க சார். அந்தம்மா வாயத் தொறந்து சொல்லிச்சு. நாம பாத்துக்கினு உக்காந்திருந்தோம்."

அடுத்த நாள் ரயிலை விட்டுவிட்டு மூவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். சிஸ்டர் ஏறிய பஸ்ஸில் பின்னாலேயே ஏறினோம். அவருக்குப் பெண்கள் பக்கத்தில் இடம் கிடைத்திருந்தது. நாங்கள் மேல்கம்பியைப் பிடித்தபடி அவர் தலைக்கு மேலே வௌவால்கள்போலத் தொங்கினோம். எங்களைப் பார்த்து அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது, சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். பஸ்ஸில் முண்டியம்பாக்கம் ஸ்டேஷனும் இல்லை பேரணி ஸ்டேஷனும் இல்லை, எங்கே பேச ஆரம்பிப்பது, எங்கே கேட்பது என்று எங்களுக்குப் புரியவில்லை. கண்டக்டர் உள்ளே போ, உள்ளே போ என்று முதுகில் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளிய தள்ளில் என் வாயிலிருந்து ஒரு கேள்வி வெளியே வந்து விழுந்தது. அதை யோசித்துக் கேட்டேன் என்று சொன்னால் அது பொய்.

"எந்தக் கையால அடிச்சீங்க சிஸ்டர்?"

பாய் என் காலை மிதித்தார். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா திரும்பிப் பார்த்து, யாரை அடித்தது, நன்றாகக் கொடுத்தாயா என்று சிஸ்டரைக் கேட்டார். இந்தக் காலத்துப் பெண்களுக்கு அப்படித்தான் கொடுக்கவேண்டும் என்று வேறு சொன்னார். நான் பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் சிஸ்டர் தன் வலது கையை விரித்து, அப்போதுதான் யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப்போல அதைப் பார்த்தார்.

"இந்தக் கைதான். அவளுக்கு நரம்பு பாத்து ஊசி போடக் கத்துக் குடுத்ததும் இந்தக் கைதான்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பூக்காரம்மா வாயை மூடிக்கொண்டார். அழுகிற சிஸ்டரை நான் பார்த்ததில்லை. அவருக்கு அழ வரும் என்றே நினைத்ததில்லை.

அப்புறம் பாய் பேசினார். வளைகுடாவைப் பற்றி அவர் சொல்லாத பெருமை கிடையாது. குளிர்ந்த காற்று வீசும் அறை, ரொட்டி, ஆட்டுக்கறி, தங்கம். அந்த பாய் கம்பியில் தொங்கிக்கொண்டே, குரலைத் தாழ்த்தாமல், அங்கே ஒரு ஃபோர்மேன் எல்லாருக்கும் முன்னால் தன்னைக் கன்னத்தில் அறைந்ததைச் சொன்னார். தன் பெண்சாதிக்குக்கூடச் சொல்லாதது அது என்றார். தினம் தினம் இவரோடு உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

"அடிச்சவன் மூஞ்சி மறந்துபோச்சு சிஸ்டர். சுத்தி நின்னு பாத்துக்கினு இருந்தவங்க மூஞ்சிதான் இன்னும் மறக்கல."

சிஸ்டர் முந்தானையை விலக்கிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். எறும்பைக்கூட மிதிக்காத வீட்டில் பிறந்த தம்பி, அந்த மூத்த லைன்மேன் மீது ஒருநாள் கட்டிங் பிளேயரை விட்டெறிந்ததைச் சொன்னார். அது படாமல் போனது குறி தப்பியதால்தான், மனசு மாறியதால் இல்லை என்றார். நான் தினமும் பிரம்பெடுத்துப் பிள்ளைகளை அடிக்கிறேன், அதை ஒரு சங்கடமாக ரயிலில் ஒருநாளும் சொன்னதில்லை, ஏனென்றால் அது சங்கடம் என்றே எனக்குத் தோன்றியதில்லை என்று நான் சொன்னேன். வழக்கம்போல யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

யோசனை என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. போய் மன்னிப்புக் கேளுங்கள் என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. திண்டிவனத்தில் இறங்கியதும் சிஸ்டர் "வர்றேன்" என்றார்.

அடுத்த நாள் காலை ரயிலில் அவர் இருந்தார். முண்டியம்பாக்கம் தாண்டியதும், முறைப்படி, நடந்ததைச் சொன்னார். முந்தின நாள் காலை டூட்டி மாறுகிற நேரத்தில், அதே வார்டில், அந்தக் குழந்தையின் தாயும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண்ணிடம் போய், நான் உன்னை அடித்தது தப்பு, நீ டெஸ்ட் டோஸ் போடாததும் தப்பு, ஆனால் என் தப்புக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். இன்று இதைப் படிப்பவர்களுக்கு இதில் என்ன பிரமாதம் என்று தோன்றலாம். அன்று மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம், அதுவும் வேற்று மனிதர் முன்னால், மன்னிப்புக் கேட்பது என்பது நாங்கள் கேள்விப்படாத சங்கதி. எனக்கு அவர் அறைந்ததைவிட இது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. பெரிய டாக்டரும் அதிர்ந்துபோயிருக்கிறார். பதவியின் மரியாதையையே கெடுத்துவிட்டீர்கள் என்று அறைக்குள் கூப்பிட்டுச் சத்தம் போட்டாராம்.

அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று தம்பி கேட்டார். நான் மனத்துக்குள் ஒரு கட்டிப்பிடிப்பையும் கொஞ்சம் கண்ணீரையும் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே இருந்தாள், பதில் சொல்லவேண்டும் என்று தானும் கேட்கவில்லை என்றார் சிஸ்டர். பிறகு பல நாள் அவள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் சிஸ்டர் எங்களிடம் வந்து சொன்னார், விடை இல்லாமலே.

இந்த மாசத்தோடு விட்டுவிடுவதாகச் சொன்னீர்களே என்று பாய் அன்றைக்கே கேட்டார். வண்டி அப்போது விக்கிரவாண்டியைத் தாண்டியிருந்தது, கேட்க உரிமை உண்டு.

"அன்னிக்கே விட்டிருந்தா அடிச்ச கையோட போயிருப்பேன் பாய். இப்ப போறதுக்கு என்ன அவசரம்" என்றார் சிஸ்டர். ஓய்வு பெறும்வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார்.

நான் பிரம்பைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். சில நாள் எடுக்கவில்லை, பிறகு எடுத்தேன், எடுக்கும்போதெல்லாம் எந்தக் கை என்று பார்த்தேன், பார்த்தபின் பல தடவை கீழே வைத்தேன். அவ்வளவுதான் என் சாதனை. பியூனோடு சேர்ந்து டீ குடிக்கவும் பழகினேன். அவர் என் மணியின் ஓசையை என் எதிரிலேயே நடித்துக் காட்டும் அளவுக்கு நாங்கள் நெருங்கினோம்.

இப்போது தலைமைப் பண்பு என்று ஹோட்டல் மண்டபங்களில் பயிற்சி நடக்கிறது. ஒருமுறை என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். கழுத்தில் பேர் எழுதிய அட்டை மாட்டிவிட்டு, முந்திரி பிஸ்கட் கொடுத்தார்கள். நான் பாசஞ்சர் வண்டிக் கதையைச் சொன்னேன். முடித்ததும் ஓர் இளைஞர், அந்தக் குழுவுக்குத் தலைவர் யார் என்று கேட்டார். ஹெட் சிஸ்டர்தான் என்று தயங்காமல் சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள். வீடு திரும்பும் வழியில் அந்தக் கைதட்டல் என்னவோ செய்தது. அன்று அந்த மழை நாளில், வாயாடிகள் மூன்று பேர் ஏன் ஊமையானோம் என்ற கேள்விக்கு எனக்கு இத்தனை வருஷத்தில் பதில் கிடைத்ததில்லை. மழையைச் சொல்லிப் பார்த்தேன், வெட்கத்தைச் சொல்லிப் பார்த்தேன், ஆண்பிள்ளைகளின் அசட்டுத்தனத்தையும் சொல்லிப் பார்த்தேன். எதுவும் சரியாகப் பொருந்தவில்லை.

போன மாதம் விழுப்புரத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பாய் இறந்துபோய்ச் சில வருஷம் ஆகிறது. தம்பி பெரிய அதிகாரியாக ஓய்வு பெற்றுச் சென்னையில் இருக்கிறார். சிஸ்டருக்குக் காது கொஞ்சம் மந்தம், கண் மட்டும் அதே கண். எதிரே உட்கார்ந்தால் இப்போதும் நாடி பார்க்கிற மாதிரிதான் இருக்கிறது. பயிற்சி மண்டபத்தில் நடந்ததை அவரிடம் உரக்கச் சொன்னேன். நானாவது பரவாயில்லை, பாயும் தம்பியும் கூட அவருக்குப் பயந்துதான் நல்ல மேனேஜர்கள் ஆனார்கள் என்று கொஞ்சம் மசாலாவும் சேர்த்தேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். பழைய வழக்கப்படி அவர் சிரிக்கவில்லை. காதில் விழவில்லையோ என்று, குரலை உயர்த்தித் திரும்பச் சொன்னேன்: "எங்க மூணு பேருக்கும் நீங்கதானே சிஸ்டர் தலைவரு?"

"அதான் அந்த மழை நாள்ல தப்பாப் போச்சு சார்."